சங்கீதங்களில் கிருபையும் உண்மையும்: வீட்டு வேதபாடத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் வியாழக்கிழமைதோறும் மாலையில் வேதபாடம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஒரு வாரம் 136-ஆம் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த ஒரு சகோதரி கேட்டார்: "ஐயா, இங்க வர்ற கிருபையும் பவுல் சொல்ற கிருபையும் ஒண்ணுதானா? கிருபைன்னா தகுதியில்லாதவங்களுக்குக் கிடைக்கிற தயவுன்னு ஆயர் சொன்னாரே. இங்க இஸ்ரவேலரை எதிர்த்து வந்த ஓக் ராஜாவைக் கொன்னதுக்கும் அவர் கிருபை என்றுமுள்ளதுன்னு போட்டிருக்கே?"

அன்று எனக்குப் பதில் வரவில்லை. "அடுத்த வாரம் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அந்த ஒரு வாரம் பல மாதங்களாக நீண்டது. அந்தப் படிப்பிலிருந்து வந்ததுதான் இந்த வழிகாட்டி. தனியாக வாசிக்கிறவர்களுக்கும் இது உதவும். வீட்டில் நாலு பேர் கூடி வாசித்தால் இன்னும் நல்லது.

நான் கண்டுகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கீதங்களில் கிருபை என்பது சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற அன்பு. தேவன் மனிதரோடு உடன்படிக்கை செய்கிறார், அந்தச் சொல்லில் நிற்கிறார், அதற்காக இறங்கிவந்து காரியம் செய்கிறார். அந்தக் காரியத்துக்குத்தான் சங்கீதக்காரர்கள் இரட்சிப்பு என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கோர்வை பிடிபட்டபின் எத்தனையோ முறை வாசித்த சங்கீதங்களும் எனக்குப் புதிதாகக் கேட்டன.

படி 1: நான்கு சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டு, ஒரு பென்சில், இரண்டு மொழிபெயர்ப்புகள் வேண்டும். சபையில் நாம் வழக்கமாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று. கத்தோலிக்க நண்பர்கள் வைத்திருக்கும் திருவிவிலியம் இன்னொன்று. அதில் சங்கீதங்களுக்குத் திருப்பாடல்கள் என்று பெயர்.

முதல் சொல் கிருபை. எபிரெயத்தில் அது ஹெசெத். பழைய மொழிபெயர்ப்பு சங்கீதங்களில் அதைப் பெரும்பாலும் கிருபை என்று தருகிறது. திருவிவிலியம் பேரன்பு என்கிறது. பவுலின் நிருபங்களில் கிருபை என்று வாசிக்கிறோமே, அதன் கிரேக்கச் சொல் காரிஸ். இரண்டு மொழிகளின் இரண்டு சொற்கள் தமிழில் ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. சகோதரியின் குழப்பம் நியாயமானதுதான்.

ஹெசெத்தைப் புரிந்துகொள்ள அகராதியைவிட மேவிபோசேத்தின் கதை உதவும். 2 சாமுவேல் 9-ஐ ஒருமுறை வாசியுங்கள். சவுலின் பேரன், இரண்டு கால்களும் முடமானவன். புதிய ராஜா பழைய ராஜாவின் வம்சத்தைத் தேடுகிறான் என்றால் கொல்லத்தான் என்று அவன் நடுங்கியிருப்பான். ஆனால் தாவீது, "உன் தகப்பனாகிய யோனத்தான் நிமித்தம்" என்று சொல்லி அவனைத் தன் பந்தியில் உட்காரவைக்கிறான். யோனத்தானோடு தாவீது உடன்படிக்கை செய்திருந்தான். யோனத்தான் செத்துப்போனான், சொல் சாகவில்லை. தாவீது அங்கே காட்டுகிற தயவுக்கு எபிரெயத்தில் ஹெசெத் என்ற சொல்தான் இருக்கிறது. மேவிபோசேத்துக்குத் தகுதி இருந்ததா என்றால் இல்லை. ஆனால் அந்தத் தயவு திடீரென்று வந்த இரக்கமும் இல்லை. யாருக்கோ கொடுத்த வாக்கில் வேர் பிடித்தது. ஆயர் சொன்னதும் சரி, சங்கீதம் சொல்வதும் சரி. இரண்டும் அந்தப் பந்தியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

இரண்டாவது சொல் உண்மை. சில வசனங்களில் சத்தியம் என்று வரும். எபிரெயத்தில் எமெத், எமூனா. ஆமென் பிறந்த அதே வேரில் பிறந்தவை இவை. உறுதியாக நிற்பது, சாய்ந்தால் தாங்குவது என்பது அந்த வேரின் பொருள். ஜெபத்தின் முடிவில் நாம் ஆமென் என்று சொல்லும்போதெல்லாம் இந்தச் சொல்லின் உறவுக்காரனைத்தான் உச்சரிக்கிறோம். கிருபையும் உண்மையும் சங்கீதங்களில் திரும்பத் திரும்ப ஜோடியாக வரும். வரும் இடமெல்லாம் அடிக்கோடு போடுங்கள்.

மூன்றாவது உடன்படிக்கை, எபிரெயத்தில் பெரித். நான்காவது இரட்சிப்பு, எபிரெயத்தில் யெஷூவா. இயேசு என்ற பெயர் இந்த வேரிலிருந்துதான் வருகிறது. "அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்" என்று மத்தேயு 1:21-ல் தூதன் பெயருக்குக் காரணம் சொல்வது அதனால்தான்.

நீதி என்ற சொல்லையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். சங்கீதம் 98:2-ல் கர்த்தர் தமது இரட்சிப்பைத் தெரியப்படுத்தினார், தமது நீதியை விளங்கப்பண்ணினார் என்று இரண்டையும் ஒரே காரியமாகப் பாடுகிறார்கள். தேவனுடைய நீதி என்றவுடன் தண்டனையை மட்டும் நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு இந்த வசனம் மருந்து.

படி 2: மூன்று உடன்படிக்கைகளை முன்கூட்டியே வாசியுங்கள்

சங்கீதங்கள் உடன்படிக்கையை விளக்குவதில்லை. தெரியும் என்று எடுத்துக்கொண்டு பாடுகின்றன. அதனால் முதலில் மூன்று இடங்களைப் பார்த்துவிட வேண்டும்.

ஆதியாகமம் 15-ல் ஆபிரகாம் பிராணிகளை இரண்டாகத் துண்டித்து எதிரெதிராக வைக்கிறார். எபிரெயத்தில் உடன்படிக்கை செய்வதை "உடன்படிக்கை வெட்டுதல்" என்றே சொல்வார்கள். அந்தத் துண்டங்களின் நடுவே நடந்துபோவது, சொல்லை மீறினால் எனக்கும் இந்தக் கதி ஆகட்டும் என்று சொல்வதற்குச் சமம். நம் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால்தான் பத்திரம் செல்லும். அந்த இரவில் ஆபிரகாமோ அயர்ந்து தூங்குகிறார். புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் மட்டும் நடுவே கடந்துபோகின்றன. ஒரு தரப்பு மட்டுமே கையெழுத்துப் போட்ட பத்திரம் அது. இதை மனதில் வைத்துக்கொண்டு 105-ஆம் சங்கீதத்துக்கு வாருங்கள். ஆயிரம் தலைமுறைக்கென்று கட்டளையிட்ட வாக்கை அவர் என்றென்றைக்கும் நினைத்திருக்கிறார் என்று அது பாடுவதன் கனம் தெரியும்.

அடுத்தது சீனாய் மலையில் இஸ்ரவேலரோடு செய்தது. யாத்திராகமம் 32-ல் பொன் கன்றுக்குட்டி, 34-ல் உடைந்த பலகைகளுக்குப் பதில் புதிய பலகைகள். ஜனங்கள் உடன்படிக்கையை முறித்த பிறகுதான் கர்த்தர் தம் பெயரைச் சொல்லுகிறார்: இரக்கம், கிருபை, நீடிய சாந்தம், மகா தயை, சத்தியம். இந்த வரியைச் சங்கீதக்காரர்கள் மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள். 86:15, 103:8, 145:8 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது தாவீதோடு செய்தது, 2 சாமுவேல் 7-ல். "நான் உமக்கு ஒரு வீடு கட்டுகிறேன்" என்று தாவீது சொல்ல, "நான் உனக்கு வீட்டை உண்டாக்குவேன்" என்கிறார் கர்த்தர். அவர் சொன்ன வீடு ராஜவம்சம். 89, 132 ஆகிய இரண்டு சங்கீதங்களும் இதன்மேல் நிற்கின்றன.

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. வட ஆற்காட்டுப் பக்கத்துப் பல சபைகள் 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனில் வேர் கொண்டவை. அதை அனுப்பியது டச்சு வழிவந்த அமெரிக்கச் சீர்திருத்தச் சபை. உடன்படிக்கை என்ற சொல் அந்த மரபின் நடுத்தூண். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை அவர்கள் உடன்படிக்கையின் அடையாளமாகவே பார்த்தார்கள். தூங்குகிற ஆபிரகாமுக்காக அக்கினி நடந்துபோனது போல, ஒன்றும் அறியாத பிள்ளைக்கு முன்பாகவே தேவனுடைய சொல் போய் நிற்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. முழுகு ஞானஸ்நானம் எடுத்த சபைகளிலிருந்து வரும் நண்பர்களும் எங்கள் கூட்டத்தில் உண்டு. அவர்கள் இதை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். அதற்காக ஆதியாகமம் 15-ஐச் சேர்ந்து வாசிப்பதில் எங்களுக்குள் தடை வந்ததில்லை.

ஓக் ராஜாவுக்கு வருகிறேன். வழி கேட்டு வந்த ஜனங்களுக்கு எதிராகச் சீகோனும் ஓகும் படையோடு புறப்பட்டு வந்த கதை எண்ணாகமம் 21-ல் இருக்கிறது. நேற்றுவரை அடிமைகளாகச் செங்கல் அறுத்தவர்களின் வாயிலிருந்து வரும் பாட்டு 136. அவர்களுக்கு அந்த ராஜாக்கள் விழுந்தது, ஆபிரகாமுக்குக் கொடுத்த சொல் நிலைத்தது என்பதற்குச் சாட்சி. கிருபை என்று அவர்கள் பாடியது அந்தச் சொல்லின் உறுதியை. அந்த வசனங்களை வாசிக்கும்போது எனக்கு இன்னும் மனம் கனக்கிறது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அந்தச் சங்கீதம் அங்கே முடியவில்லை. 25-ஆம் வசனத்தில் மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறவர் என்று விரிந்துவிடுகிறது.

படி 3: இரட்சிப்பைத் தரையில் நின்று வாசியுங்கள்

"நீங்க எப்போ இரட்சிக்கப்பட்டீங்க?" என்று நம்மிடம் கேட்டால் ஒரு கூட்டத்தையோ ஒரு தேதியையோ சொல்வோம். சங்கீதக்காரரிடம் கேட்டால் பகைவன் துரத்திய கதை, காய்ச்சலில் கிடந்த கதை, பொய்ச்சாட்சியிலிருந்து தப்பிய கதை சொல்வார். அவருக்கு இரட்சிப்பு முதலில் உடம்புக்கும் உயிருக்கும் நடப்பது.

116-ஐ வாசியுங்கள். மரணக்கட்டுகள் சுற்றிக்கொண்ட ஒருவர் பிழைத்துவந்து தேவாலயத்தில் பொருத்தனை செலுத்துகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து பெயர் வெட்டி வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, மெலிந்த கையில் கவரோடு ஸ்தோத்திரக் காணிக்கை படைக்க எழுந்துவருகிறவர்களை நம் சபைகளில் பார்த்திருப்பீர்கள். அது 116-ஆம் சங்கீதம் நடந்துவருவது. "இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுவேன்" என்கிறார் அவர். பஸ்காவில் யூதர் பாடும் 113 முதல் 118 வரையான தொகுப்பில் இதுவும் ஒன்று. கடைசி இராப்போஜனத்தின் முடிவில் இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டுப் பாடிப் போனார்கள் என்கிறது மத்தேயு 26:30. அது இந்தத் தொகுப்பின் பின்பகுதியாக இருக்கும் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அதே இரவில் அவர் ஒரு பாத்திரத்தை எடுத்து, தம் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்று சொன்னார். பாத்திரம், இரட்சிப்பு, உடன்படிக்கை மூன்றும் ஒரு மேசையில் வந்து சேர்ந்துவிட்டன. அடுத்த நற்கருணை ஞாயிறுக்கு முந்தின இரவில் 116-ஐ வாசித்துவிட்டுப் போங்கள்.

குருத்தோலை ஞாயிறில் பிள்ளைகள் ஓசன்னா என்று பாடிக்கொண்டு போவார்கள். அதன் பொருள் "இரட்சியும்". 118:25-ன் கூப்பிடுதல் அது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

படி 4: 117-ல் பழகுங்கள்

இரண்டே வசனம். 150-ல் மிகச் சிறியது. "ஜாதிகளே, எல்லாரும் கர்த்தரைத் துதியுங்கள், ஜனங்களே, எல்லாரும் அவரைப் போற்றுங்கள். அவர் நம்மேல் வைத்த கிருபை பெரியது. கர்த்தரின் உண்மை என்றென்றைக்குமுள்ளது. அல்லேலூயா."

ஜாதி என்ற சொல் நம் ஊரில் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பழைய மொழிபெயர்ப்பில் ஜாதிகள் என்றால் இஸ்ரவேலுக்கு வெளியே உள்ள தேசத்தார். வாலிபர்கள் கூட்டத்தில் இதை முதலில் தெளிவாக்குங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு சொல்லிலேயே சிலருடைய மனம் அடிபட்டு நின்றுவிடும்.

எபிரெயத்தில் இரண்டாம் வசனம் "ஏனெனில்" என்று தொடங்குகிறது. இங்கேதான் நிதானிக்க வேண்டும். இஸ்ரவேலின்மேல் வைத்த கிருபைக்காக மற்ற தேசத்தார் ஏன் துதிக்க வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறினால் எனக்கென்ன? பதில் ஆபிரகாமுக்குச் சொன்ன முதல் வார்த்தையிலேயே இருக்கிறது: பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும். அவர்களுக்குக் கொடுத்த வாக்குக்குள் நாமும் இருந்தோம். ரோமர் 15:11-ல் பவுல் இந்தச் சங்கீதத்தையே எடுத்துக்காட்டுகிறார். அதற்குச் சற்று முன்னால், 8, 9 வசனங்களில், கிறிஸ்து வந்ததற்கு இரண்டு காரணம் சொல்கிறார்: பிதாக்களுக்குப் பண்ணின வாக்குத்தத்தங்களை உறுதியாக்கித் தேவனுடைய சத்தியத்தை நிலைநாட்ட, புறஜாதியார் இரக்கம் பெற்று தேவனை மகிமைப்படுத்த. சத்தியமும் இரக்கமும்! 117-ல் இருக்கும் அதே ஜோடி. இதைக் கண்ட அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"பெரியது" என்ற இடத்தில் உள்ள எபிரெய வினைச்சொல், நோவாவின் காலத்தில் ஜலம் பெருகி மேலேறியதைச் சொல்லும் அதே சொல். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது காட்பாடிப் பாலத்தில் போய் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வருஷக்கணக்கில் மணலாகக் கிடந்த ஆறு கரைக்குக் கரை ஓடியது. அப்படிப் பெருகியது கிருபை என்கிறது சங்கீதம்.

முடிந்தால் 117-ஐப் பல மொழிகளில் வாசியுங்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இருக்கும் ஊர் இது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்தில் எழுதிய பலகைகளைப் பார்க்கலாம். வடகிழக்கிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் விசுவாசிகளும் உண்டு. அவர்களைக் கூப்பிட்டு அவர்கள் மொழியில் இரண்டு வசனம் வாசிக்கச் சொன்னால் போதும், "எல்லாரும்" என்பதற்கு விளக்கம் கிடைத்துவிடும்.

படி 5: ஒற்றை வசனத்தோடு நிற்காதீர்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். நானும் எடுப்பேன், அந்த அட்டை வருஷம் முழுக்க என் பைபிளில் இருக்கும். அதோடு ஒரு பழக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த வசனம் வரும் சங்கீதம் முழுவதையும் ஜனவரி முதல் வாரத்திலேயே வாசித்துவிடுங்கள். 91-ஆம் சங்கீதத்தில் இரண்டு வசனத்தை மட்டும் எடுத்து இயேசுவிடம் நீட்டியவன் யார் என்று மத்தேயு 4-ல் இருக்கிறது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்றான். உடன்படிக்கையின் சொல்லை உடன்படிக்கையின் தேவனைச் சோதிக்கப் பயன்படுத்தலாகாது.

படி 6: புலம்பலைத் தாண்டிப் போகாதீர்கள்

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நானும் பல வருஷம் விட்டிருந்தேன்.

என் அம்மா ஆஸ்பத்திரி வார்டில் ஐந்து வாரம் படுத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அன்பானவர்கள்தான். "விசுவாசம் வையுங்கம்மா, சுகமாயிடும்" என்று சொல்லி ஜெபித்துவிட்டுப் போவார்கள். அம்மா தலையாட்டுவார்கள். ஒரு ராத்திரி தூக்கம் வராமல், "ஏதாவது வாசி" என்றார்கள். 23, 91, 121 எல்லாம் வாசித்து முடித்திருந்தோம். வரிசையாக வந்துகொண்டிருந்ததில் அன்றைக்கு 88. பார்த்ததும் தாண்டிவிடலாம் என்று பக்கத்தைத் திருப்பினேன். "ஏன் விடறே, வாசி" என்றார்கள். வாசித்தேன். என் ஆத்துமா துக்கத்தால் நிறைந்திருக்கிறது, என் ஜீவன் பாதாளத்துக்குச் சமீபமாய் வந்திருக்கிறது, ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர். முடிவில்கூட ஒரு விடியல் இல்லை. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று நின்றுவிடுகிறது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதுகூட வேதத்துல இருக்குதா?" என்று கேட்டார்கள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்கள்.

88-ன் முதல் வரியைப் பாருங்கள்: "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே." அத்தனை இருட்டிலும் கூப்பிடும் பெயர் அது. உரிமை இருக்கும் இடத்தில்தான் இப்படிப் பேச முடியும். வழியில் போகிறவனிடம் யாரும் "வர்றேன்னு சொன்னீங்களே, ஏன் வரல?" என்று கேட்பதில்லை. அப்பாவிடம் மகள் கேட்பாள்.

அடுத்த பக்கம் 89. "கர்த்தரின் கிருபைகளை என்றென்றைக்கும் பாடுவேன்" என்று தொடங்குகிறது. 37 வசனம் வரை தாவீதோடு செய்த உடன்படிக்கையைப் புகழ்ந்து பாடுகிறது. 34-ல் தேவன் சொல்கிறார்: "என் உடன்படிக்கையை மீறாமலும், என் உதடுகள் விளம்பினதை மாற்றாமலும் இருப்பேன்." 38-ல் எல்லாம் கவிழ்கிறது. தள்ளிவிட்டீர், உடன்படிக்கையை ஒழித்துவிட்டீர், கிரீடம் தரையில் கிடக்கிறது. 49-ல் நேருக்கு நேர் கேள்வி: தாவீதுக்குச் சத்தியம்பண்ணின உமது பூர்வ கிருபைகள் எங்கே? ஐந்து பகுதிகளாக உள்ள சங்கீதப் புத்தகத்தின் மூன்றாம் பகுதி இந்தக் கேள்வியோடும், அதன் பின் வரும் ஒரு வரி ஸ்தோத்திரத்தோடும் முடிகிறது. எருசலேம் எரிந்து, ராஜா சிறைப்பட்டுப் போன ஜனங்களின் வாயில் இந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

கூட்டத்தில் 89-ஐ வாசிக்கும்போது 37-க்கும் 38-க்கும் நடுவே ஒரு நிமிடம் மௌனமாக இருங்கள். 38 முதல் வாசிப்பதை வேறொருவரிடம் கொடுங்கள். வாசித்து முடித்ததும் உடனே ஆறுதல் சொல்ல வேண்டாம். "எங்கே?" என்ற கேள்வி அடுத்த வாரம் வரை நிற்கட்டும்.

அம்மா அந்த வருஷமே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். சுகமாகி வீட்டுக்கு வரவில்லை. இதைச் சொல்லாமல் நான் கிருபையைப் பற்றி எழுதினால் அது பாதிதான்.

படி 7: அந்தக் கேள்விக்குப் புதிய ஏற்பாட்டில் பதில் தேடுங்கள்

கிறிஸ்தவர்கள் சங்கீதங்களைக் கிறிஸ்துவை நோக்கி வாசிப்பது அவரே காட்டிய வழி. சங்கீதங்களிலும் என்னைக்குறித்து எழுதியிருக்கிறது என்று லூக்கா 24:44-ல் சொன்னார். அதற்காக ஒவ்வொரு வரியிலும் ஒளிந்திருக்கும் இயேசுவைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. நான் பின்பற்றும் வரிசை இது: பாடியவருக்கு அந்த வரி என்னவாக இருந்தது என்று முதலில் கேட்பேன். பிறகு அப்போஸ்தலர்கள் அதைக் கையாண்டிருக்கிறார்களா என்று தேடுவேன். நம் வாழ்க்கைக்கு வருவது கடைசியில்தான்.

89:49-ன் கேள்வியை அப்படித் தொடருங்கள். ஏசாயா 55:3-ல் தாவீதுக்கு அருளின நிச்சயமான கிருபைகளை நித்திய உடன்படிக்கையாகத் தருவேன் என்று கர்த்தர் சொல்கிறார். அதே ஹெசெத், அதே தாவீது. அதோடு "நிச்சயமான" என்ற இடத்தில் ஆமெனின் வேர். பல நூற்றாண்டுகள் கழித்துப் பிசீதியா நாட்டு அந்தியோகியாவின் ஜெப ஆலயத்தில் பவுல் எழுந்து நிற்கிறார். அப்போஸ்தலர் 13:34-ஐ வாசியுங்கள். தேவன் இயேசுவை மரித்தோரிலிருந்து எழுப்பினதற்கு அவர் எடுத்துக்காட்டும் வசனம் இந்த ஏசாயா 55:3. அடுத்த மூச்சில் சங்கீதம் 16:10, உம்முடைய பரிசுத்தரை அழிவைக் காணவொட்டீர். பூர்வ கிருபைகள் எங்கே என்ற கேள்விக்கு அப்போஸ்தலரின் பதில், திறந்த கல்லறை. தரையில் தள்ளப்பட்ட கிரீடம் முள்முடியாகி, அங்கிருந்து எடுக்கப்பட்டது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசியதையும் பாருங்கள். அப்போஸ்தலர் 2-ல் சங்கீதம் 16, 110 இரண்டையும் எடுத்துக்காட்டுகிறார். 132-ன் ஆணையையும் நினைவுபடுத்துகிறார்.

எழுப்பப்படுவதற்கு முன் அவர் சிலுவையில் சொன்னது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" உடன்படிக்கையின் கர்த்தரே உடன்படிக்கை ஜனத்தின் புலம்பலைத் தம் வாயில் எடுத்துக்கொண்டார். 88-ஐ அம்மாவுக்கு வாசித்த ராத்திரியில் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது அந்த வார்டை நினைக்கும்போது, அந்தச் சங்கீதத்தை எங்களுக்கு முன்பே ஜெபித்தவர் ஒருவர் அங்கே இருந்தார் என்று நினைக்கிறேன். 16:10 அம்மாவுக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அதைத்தான் வாசிக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இவை முதலில் இஸ்ரவேலின் பாட்டுகள். யூதர்கள் இன்றும் இவற்றால் ஜெபிக்கிறார்கள். ரோமர் 11-ல் பவுல் சொல்வதுபோல் நாம் ஒட்டவைக்கப்பட்ட கிளைகள். ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்குத் தெரியும், வேர் ஒட்டினது அல்ல.

படி 8: ஆறு வாரத் திட்டம்

முதல் வாரம் 2 சாமுவேல் 9, சங்கீதம் 86, நான்கு சொற்கள். இரண்டாம் வாரம் ஆதியாகமம் 15, சங்கீதம் 105. மூன்றாம் வாரம் 116, 117. முடிந்தால் நற்கருணைக்கு முந்தின வியாழன். நான்காம் வாரம் 88, 89, வேறொன்றும் வேண்டாம். ஐந்தாம் வாரம் 22, 16, அப்போஸ்தலர் 2, 13. நேரம் போதாமல் போகும். இரண்டு வாரமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கடைசி வாரம் 136. ஒருவர் முதல் பாதியை வாசிக்க, எல்லாரும் சேர்ந்து "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று பதில் சொல்ல வேண்டும். 26 முறை வரும். எட்டாவது ஒன்பதாவது முறைக்குச் சலிப்புத் தட்டும். விடாமல் சொல்லுங்கள், பதினைந்தைத் தாண்டும்போது குரல்கள் ஒன்றாகிவிடும். "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவர்" என்ற 23-ஆம் வசனத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சங்கீதங்களில் தேவன் நினைத்தார் என்றால் எழுந்து காரியம் செய்தார் என்று பொருள்.

அந்த இடத்தில் ஒவ்வொருவரும் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வரி சேர்க்கலாம். ஆளுக்கு ஒரே வரி, நடந்த காரியமாக இருக்க வேண்டும், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். எங்கள் கூட்டத்தில் முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு, ஓக் ராஜாவைப் பற்றிக் கேட்ட அந்தச் சகோதரி பைபிளிலிருந்து தலை நிமிராமல் மெல்லச் சொன்னார்: "அப்பா வீட்டுல தறி ஓடாத மாசத்துலயும் எங்க அடுப்பை எரியவச்சவரைத் துதியுங்கள்."

"அவர் கிருபை என்றுமுள்ளது" என்றோம்.